வெயிலில் பதியும் நீலம்: சயனோடைப்பில் நேரும் தவறுகள்

இரண்டு இரும்புச் சேர்மங்களைக் கலந்து பூசிய தாளின்மீது இலையையோ இறகையோ வைத்து வெயிலில் காட்டினால், கேமரா இல்லாமலேயே படம் கிடைக்கும். சயனோடைப் எனப்படும் இம்முறையை ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் பிரிட்டனின் கடற்பாசிகளை இம்முறையில் பதிவுசெய்து நூலாக்கத் தொடங்கினார். செய்முறை எளிதாகத் தோன்றுவதால் கவனக்குறைவும் எளிதில் நேர்ந்துவிடுகிறது.

முதல் தவறு தாளில் தொடங்குகிறது. நீண்ட காலம் கெடாது என்று விலை கூட்டி விற்கப்படும் தாள்கள் பலவற்றில் காரத்தன்மையுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்க்கப்பட்டிருக்கும். படத்தை உருவாக்கும் பிரஷ்யன் நீலமோ காரத்தைத் தாங்காது. ஆகவே அச்சேர்க்கை இல்லாத, தடித்த நீர்வண்ணத் தாளே ஏற்றது. கரைசலை அடர்த்தியாகப் பூசினால் நிறம் ஆழமாகும் என்பதும் தவறான நம்பிக்கை; இழைக்குள் ஊறாத மிகுதி, கழுவும்போது நீரோடு போய்விடும். ஈரம் உலராத தாளும், பறித்தவுடன் வைக்கும் இலையும் திட்டுகளை உண்டாக்கும். இலையைப் பழைய செய்தித்தாள்களுக்கிடையே ஓரிரு நாள் அழுத்தி வைத்திருந்து பயன்படுத்துவது நல்லது.

பெரும்பாலான படங்கள் கெடுவது வெயிலில்தான். தாள் அழகிய நீலமாக மாறியதும் எடுத்துவிடத் தோன்றும். நானும் அப்படி எடுத்து, கழுவியபின் வெளிறிய தாள்களையே கண்டிருக்கிறேன். புற ஊதாக் கதிர் தன் வேலையை முடிக்குமுன் எடுத்த தாளில், மாறாமல் எஞ்சிய சேர்மங்கள் நீரில் கரைந்துவிடுவதே இதற்குக் காரணம். பொருள் மறைக்காத பகுதிகள் நீலத்தையும் கடந்து, சாம்பல் பூத்து, வெண்கலச் சாயல் கொள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டும். படம் கெட்டுவிட்டதோ என்று ஐயுற வைக்கும் அந்தச் சாம்பல், கழுவி உலர்த்திய பின் காற்றிலுள்ள ஆக்சிஜனால் ஒரு நாளுக்குள் ஆழ்ந்த நீலமாகத் திரும்பும்.

கழுவும்போது மஞ்சள் சாயல் முற்றிலும் நீங்கும்வரை நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் காரத்தன்மை உடையதாயின் சில துளி எலுமிச்சைச் சாறு உதவும். சோப்பு அறவே ஆகாது. வீரியமான அமிலம் எதனையும் சேர்க்கலாகாது, நச்சு வாயு வெளிப்படக்கூடும்.

எல்லாப் பொருள்களையும் கண்ணாடியால் தாளோடு அழுத்திவிடுவது கற்பனையைக் குறுக்கும் பழக்கம் என்பேன். சூரியன் வானில் ஏறத்தாழ அரை பாகை அகலம் கொண்ட வட்டு என்பதால், தாளிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் பிடித்த நூலிழையின் நிழல் விளிம்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கரைந்து தெரியும். ஒரே கிளையின் ஓர் இலை தாளைத் தொட்டும் மற்றொன்று மேலெழுந்தும் இருந்தால், கூர்மையும் மங்கலும் ஒரே படத்தில் அமைந்து ஆழத்தை உணர்த்தும். தாள் முழுவதையும் பொருள்களால் நிரப்புவதும் வேண்டாம். அட்கின்ஸ் பெரும்பாலும் ஒரு தாளுக்கு ஒரு பாசியை மட்டுமே வைத்து, அதன் பெயரையும் தம் கையெழுத்திலேயே நீலப் பின்னணியில் பதித்தார்.

முடிந்த படத்தை நேர்வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. அப்படி மாட்டி மங்கிய படத்தைச் சில நாள்கள் இருட்டில் வைத்தால், இழந்த நீலத்தின் பெரும்பகுதி மீண்டும் வரும்.