அசைன்மென்டை ஏஐ எழுதித் தருகிறது, நாம் எதற்கு மதிப்பெண் போடுவது?

கேட்டதை எழுதித் தரும் ஏஐ கருவியான சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. அதற்கு முன்னால் தயாரித்த அசைன்மென்ட் கேள்விகளையே இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கான பதிவு இது. பாடத்திட்டம் முழுவதையும் புரட்டிப் போட வேண்டாம், இப்போதைக்கு ஒரே ஒரு அசைன்மென்டை எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

முதல் வேலை, அந்தக் கேள்வியை அப்படியே ஏஐயிடம் போட்டு, வரும் பதிலை மாணவர் விடைத்தாளாக நினைத்துத் திருத்துங்கள். “பணவீக்கத்தின் காரணங்களை விளக்குக” என்ற கேள்விக்கு நான் இப்படிச் செய்தபோது, நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே போட மனம் வரவில்லை, கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. உங்களுக்கும் அப்படியே ஆனால் கோளாறு கேள்வியில்தான்.

இரண்டாவது, மதிப்பீட்டை இரண்டாகப் பிரியுங்கள். சிட்னி பல்கலைக்கழகம் இதை இரு தடங்கள் என்று வகுத்திருக்கிறது: ஒன்று கண்காணிப்போடு நடக்கும் தேர்வு, ஏஐ வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே ஆசிரியர் முடிவு செய்யலாம். மற்றது வீட்டில் செய்யும் வேலை, ஏஐ இருக்கும் என்று ஒப்புக்கொண்டே கொடுப்பது. “வீட்டில் எழுது, ஆனால் ஏஐயைத் தொடாதே” என்பது இரண்டிலும் சேராத விதி, அதைக் காவல் காக்க நம்மால் முடியாது.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறதே என்பீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் ஒன்றை வெளியிட்டது. அவர்களுடைய சோதனையிலேயே ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்றது. அந்த ஜூலையிலேயே துல்லியம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ள கருவிகள் அதைவிடத் தேறியிருக்கலாம், ஆனாலும் அது காட்டும் எண்ணை மட்டும் வைத்து ஒரு மாணவரைக் குற்றவாளியாக்க நான் தயாராக இல்லை.

அப்புறம் கேள்வியை மாற்றுவது. என் பணவீக்கக் கேள்வி இப்போது இப்படி இருக்கிறது: “ஏஐயிடம் இதற்குப் பதில் வாங்குங்கள். அதில் ஆதாரமில்லாத கூற்று, தவறான காரணம், விடுபட்ட விஷயம் என்று மூன்றைக் குறித்து, பாடநூலையும் தரவுகளையும் வைத்துத் திருத்துங்கள். ஏஐயிடம் நீங்கள் கொடுத்த கேள்வியையும் (ப்ராம்ப்ட்) இணைக்கவும்.” ஏஐ சில நேரம் இல்லாத கட்டுரையை இருப்பதாக மேற்கோள் காட்டும், அதைத் தேடிப் பார்த்து ஏமாந்த மாணவருக்கு ஆதாரம் சரிபார்ப்பது பற்றித் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, ஐந்து நிமிட வைவா, அதாவது எழுதியதைப் பற்றி நேரில் வாய்மொழியாகக் கேட்பது. வகுப்பு பெரிதென்றால் குலுக்கிப் பத்துப் பேரைக் கூப்பிடுங்கள், யாருக்கு வரும் என்று தெரியாததால் எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள். கேள்வி சின்னதாக இருக்கட்டும். ஒருவரிடம், “இங்கே ‘இருப்பினும்’ என்று எழுதியிருக்கிறாயே, எதை மறுக்கிறாய்?” என்று கேட்டேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு மாணவி அதே மாதிரிக் கேள்விக்கு, “சார், அந்த வரி ஏஐ கொடுத்தது, ஆனால் முந்தின பத்திக்கு முரணாக இருந்ததால் நான்தான் ‘இருப்பினும்’ சேர்த்தேன்” என்றார். அவருக்கு முழு மதிப்பெண்.

ஆங், ஒன்று விட்டுப்போச்சு. எது வரைக்கும் ஏஐ பயன்படுத்தலாம் என்பதைக் கேள்வித்தாளின் மேலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள், வாயால் சொன்னால் வகுப்புக்கு வராதவர்களிடம் போய்ச் சேராது.