குவளையில் தெளிவு, தயிரில் திரள்: குர்குமின் நனோ காவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு எருமைத் தயிரில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினைச் சேர்க்க நினைப்பவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய எண், தயிரின் பீஎச்: ஏறத்தாழ 4.5. குர்குமினை அடைத்துச் சுமக்கும் நுண்துகள்களை, அதாவது நனோ காவிகளை, இங்கே பயற்றம் புரதத்தால் செய்கிறோம். அந்தப் புரதத்தின் நேர், மறை ஏற்றங்கள் சமப்படும் பீஎச்சும் (சமமின் புள்ளி) அதையொட்டியே வருகிறது. அங்கே துகள்களின் நிகர மின்னேற்றம் பூச்சியத்தை நெருங்குவதால் அவை ஒன்றையொன்று தள்ளாமல் திரண்டுவிடும். பீஎச் 7 இல் கண்ட தெளிவை நம்பி வேலையை முடிப்பதே பெரிய பிழை.

திரளாமல் காப்பது, பழத்தோலிலிருந்து எடுக்கும் நாரான பெக்டினால் ஆன உறை. அதைச் சேர்க்கும் ஒழுங்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பீஎச் 4 இல் உள்ள புரதத் துகள்களுக்குள் பெக்டினைச் சொட்டுச் சொட்டாக விட்டால் தொடக்கத்தில் அது போதாது. ஓர் இழையே பல துகள்களைப் பிணைத்து அடியில் மண்டியாக்கும். 1% புரதக் கரைசலையும் 0.5% பெக்டின் கரைசலையும் சம அளவில் பீஎச் 7 இல் கலவுங்கள். அங்கே இரண்டும் மறை ஏற்றம் கொண்டவை, ஒட்டாது. பிறகு விடாமல் கலக்கியபடி ஐதான அமிலத்தால் மெல்ல 4 வரை இறக்குங்கள். பெக்டினை முதல் நாளிரவே ஊறவிட வேண்டும். மெதொட்சிக் கூட்டங்கள் குறைந்த (குறை மெதொட்சி) பெக்டின் வகை பாலின் கல்சியத்தோடு சேர்ந்து களியாகும். உயர் மெதொட்சி வகையே இதற்குப் பொருத்தம்.

கரையோரக் கிணற்று நீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு, துகள்களின் ஏற்றத்தை மறைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரே சரி.

புரதத்தைப் பிரித்தெடுக்கும் பீஎச் 9 கரைசலிலேயே குர்குமினைப் போடுவோரும் உண்டு. சிவப்பு நிறம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் குர்குமின் சிதையத் தொடங்கிவிடும். புரதமில்லாத பீஎச் 7.2 தாங்கற்கரைசலில், 37 பாகை செல்சியசில், அரை மணித்தியாலத்துக்குள் ஏறக்குறைய 90% போய்விடுகிறது. ஆகவே அதைச் சிறிதளவு எதனோலில் கரைத்து, பீஎச் 7 புரதத்தில் விட்டு, தாமதிக்காமல் பெக்டின் சேர்த்துப் பீஎச்சை இறக்குங்கள்.

அடுத்தது அளவீடு, வெளிவரும் முடிவுகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். எல்லாவற்றையும் மையநீக்கியில் உயர்வேகத்தில் சுழற்றினால் காவியும், காவிக்குள் போகாத குர்குமின் பளிங்குகளும் சேர்ந்தே அடியில் படியும். மேல்நீரில் குர்குமின் இல்லையென்று கண்டு “95% அடைபட்டது” என்று எழுதிவிடுவார்கள். முதலில் குறைந்த வேகத்தில் சுழற்றிப் பளிங்குகளை அகற்றுங்கள். மிதந்து நிற்பதிலிருந்து எதனோலால் குர்குமினைப் பிரித்து அளந்தால் கிடைப்பதே உண்மையான அடைப்பு. துகள் மேற்பரப்பின் ஏற்றத்தைக் காட்டும் சீற்றா அழுத்தத்தை அளக்க மாதிரியை ஐதாக்கும்போதும் அதே பீஎச் உள்ள நீரே வேண்டும். வெறும் நீர் ஊற்றினால் அளப்பது வேறொரு மாதிரியை.

தயிரிலோ உறை ஊற்றிய பின்பும் சோதனை முடியவில்லை. பாலில் பெக்டின் மிகையானால் பாற்புரதமான கேசீன் தனியே பிரியும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் பார்த்த இறுக்கம் மண் சட்டியில் அப்படியே வராது, மண் நீரை உறிஞ்சிவிடும். விற்கப்போவது சட்டித் தயிரென்றால் சட்டியிலேயே பாருங்கள்.

செரிமானச் சோதனையில் இரைப்பை நொதியான பெப்சினுடன் பீஎச் 3 இல் 2 மணித்தியாலம், பிறகு பீஎச் 7 இல் 2 மணித்தியாலம் வைக்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் பித்த உப்பைச் சேர்க்கத் தவறினால் குர்குமின் கரையாமல் குறைவாகவே காட்டும். காவியைக் குறை சொல்வதற்கு முன் அதைச் சரிபாருங்கள்.