விவசாய மெஷின் மியூசியத்துக்கு பசங்களோட போறீங்களா?

தொட்டு இயக்கிப் பார்க்க விடுற மியூசியம்னா மொதல்லயே டிராக்டர் பக்கம் போயிடாதீங்க, ஏறி உக்காந்தா பசங்க எறங்கவே மாட்டாங்க. கையால சுத்துற மெஷினுக்கு நேரா போங்க. மக்காச்சோளம் உதிர்க்கிறது இருந்தா அவங்களையே ஹேண்டில சுத்தச் சொல்லுங்க, மணி ஒரு பக்கம் கொட்டும், வெறும் கட்டை இன்னொரு பக்கம் வந்து விழும், கைய எடுத்தாலும் அந்த பெரிய சக்கரம் கொஞ்ச நேரம் தானா ஓடும், ஏன்னு அவங்களே கேப்பாங்க. கலப்பை பக்கம் வந்தா, 1837ல ஜான் டியர்ங்கிற அமெரிக்க கொல்லர் பளபளன்னு செஞ்ச எஃகு கலப்பையில ஒட்டுற மண்ணு கூட வழுக்கிட்டு போச்சுன்னு சொல்லுங்க.

மூடின ஷூ, கிரீஸ் பட்டாலும் பரவால்லன்னு ஒரு பழைய டிரஸ் போதும். நீள முடிய இறுக்கி கட்டிடுங்க, தொங்குற துணி வேண்டவே வேண்டாம், ஓடுற பெல்ட்டுல மாட்டுச்சுன்னா இழுத்துடும்.