இறுதியாண்டிலேயே எராஸ்மஸுக்கு விண்ணப்பியுங்கள்

ஐரோப்பாவில் முதுநிலை படிக்க நினைப்பவர்கள் பட்டம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவோடு பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் முதுநிலைப் படிப்புகளுக்கு இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் காலம். உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்குக் கிடைக்கும். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம் (பணத்தைவிட இதுதான் பெரிய லாபம் என்பேன்).

பலர் இடறுவது பரிந்துரைக் கடிதத்தில். கடைசி வாரத்தில் போய் நின்றால், பேராசிரியர் ‘நல்ல மாணவர், ஒழுக்கமானவர்’ என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். செப்டம்பரிலேயே புராஜெக்ட் சுருக்கத்தையும் மதிப்பெண் பட்டியலையும் அவரிடம் கொடுத்து, நீங்கள் செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டு எழுதும்படி கேளுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.