கொலுசுப் பட்டறை முதல் கூத்துக் குழு வரை: வங்கிக் கடன் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "பேங்க்ல நமக்கெல்லாம் எங்கே குடுக்கறாங்க" என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எழுதிக் கொடுத்த கணக்கு தொழிலோடு ஒட்டாததால் திரும்பும் விண்ணப்பங்களும் உண்டு. அதையாவது நாம் சரிசெய்யலாம்.

முதலில் வரவுக் கணக்கு. சிறு பட்டறைகள் பலவும் கூலிக்குச் செய்பவை. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். அதைக் கொலுசாக்கித் திரும்ப எடை போட்டுக் கொடுத்தால், சேதாரக் கணக்குப் பார்த்துக் கூலி வரும். மாதம் 20 கிலோ வெள்ளி கைமாறினாலும் அதில் ஒரு கிராம்கூடப் பட்டறையுடையது இல்லை. ஆனால் திட்ட அறிக்கையில் அந்த வெள்ளியின் மதிப்பையே விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். வங்கிக் கணக்கிலோ கூலிப் பணம் மட்டும்தான் தெரியும். அதிலும் பாதி ரொக்கமாக வந்து ரொக்கமாகவே போயிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மேலாளருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? கூலியை மட்டும் வருமானமாகக் காட்டுங்கள். ரொக்கமாக வந்ததை அந்த வாரமே கணக்கில் போட்டு, ஆள் கூலியையும் வாடகையையும் அங்கிருந்தே கொடுங்கள். எடைச் சீட்டுகளைத் தேதி வாரியாகக் கோத்து வையுங்கள். கடன் கேட்பதற்கு ஆறு மாதம் முன்பே இதைத் தொடங்கிவிட்டால் நல்லது.

அடுத்தது, எந்தக் கடன் என்று தெரியாமல் கேட்பது. பாலிஷ் மெஷின் வாங்கத் தவணைக் கடன் சரி. சொந்தமாக வெள்ளி வாங்கித் தொழில் செய்யத் தவணைக் கடன் எடுத்தால் அவ்வளவுதான். கொலுசு வியாபாரியிடம் கடனுக்குப் போய் நிற்கும், பணம் திரும்புவதற்குள் முதல் தவணைத் தேதி வந்துவிடும். அதற்கு ஏற்றது நடைமுறை மூலதனக் கடன், அதாவது அன்றாடத் தொழிலுக்குத் தேவையானபோது எடுத்து, பணம் வந்ததும் திரும்பக் கட்டும் கேஷ் கிரெடிட். சிறு தொழில்களுக்கு இதைக் கணக்கிட வங்கிகளிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை. அதில் 20 வங்கி தரும், 5 நீங்கள் போட வேண்டும். ஆண்டுக்கு 30 லட்சம் விற்பவருக்கு வங்கிப் பங்கு 6 லட்சம், சொந்தப் பணம் ஒன்றரை லட்சம். "கேட்டதில் பாதிதானே தருவாங்க" என்று 12 லட்சம் எழுதுபவர்கள் நிறைய. ஏன் 12 என்று கேட்டால் பதில் இருக்காது. பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துத் தரும் திட்ட அறிக்கைகளும் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன. அதே அறிக்கையை மேலாளர் போன வாரம்தான் வேறொருவர் பெயரில் பார்த்திருப்பார்.

தெருக்கூத்து, நையாண்டி மேளம் நடத்துபவர்களுக்குச் சிக்கல் வேறு. கோயில் விசேஷங்கள் இருக்கும் மாதங்களில்தான் பணம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்து, ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. ஏற்காட்டில் கைவினைப் பொருள் கடை போட்டிருப்பவர்களும் இப்படித்தான் மே மாதத்தை நம்பி இருக்கிறார்கள். இருந்தும் மாதாமாதம் ஒரே தொகை கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மழைக்காலத்தில் தவணை தவறுகிறார்கள். சீசனுக்கு ஏற்ற தவணையை விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள், கடன் கைக்கு வந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. வருமானத்துக்கு அத்தாட்சி இல்லையே என்பீர்கள். திருவிழா நோட்டீஸில் "இரவு 10 மணிக்கு" என்று உங்கள் குழுவின் பெயரை அச்சடித்திருப்பார்களே, அதைத் தூக்கிப் போடாதீர்கள். அச்சாரத்தை யுபிஐயில் வாங்குங்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை நீங்கள் கலைஞர் என்பதற்குச் சான்று. அதை வைத்துத் தொழில் நடப்பதாக வங்கி எடுத்துக்கொள்ளாது. அதற்கு உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் குறு, சிறு தொழில் பதிவு வேண்டும். அது முழுக்க இலவசம், அரசு தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

மானியத்தின் பின்னால் ஓடுவது இன்னொரு தவறு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதிய தொழிலுக்குத்தான். பத்து வருடமாக ஓடும் பட்டறையைப் புதியது என்று எழுதினால் நேரில் பார்க்க வரும்போதே தெரிந்துவிடும். அதன் மானியமும் கையில் வராது, மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். ஏற்கெனவே தொழில் செய்யும் கைவினைஞருக்கு, 2025இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் பொருந்தலாம். 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். இதற்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள், இடைத்தரகர் தேவையே இல்லை.

வீட்டுப் பத்திரத்தை முதல் நாளே மேசையில் வைக்காதீர்கள். குறு, சிறு தொழில்களுக்கு 20 லட்சம் வரை (2026 ஏப்ரலுக்கு முன்பு 10 லட்சம்) சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

உங்கள் கடன் வரலாற்றையும் அதற்கான மதிப்பெண்ணையும் காட்டும் சிபில் அறிக்கையை முன்கூட்டியே பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம், நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. மச்சான் வண்டிக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அதில் வந்து நிற்கும். ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் விண்ணப்பித்தால் அதுவும் பதிவாகும்.

கடைசியாக, "பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்பதைப் பதிலாக எடுத்துக்கொண்டு திரும்பி வருவது. விண்ணப்பம் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது வங்கியின் பொறுப்பு. அந்தக் கடிதத்தோடு, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.