கேட் தேர்வு முடிந்ததும் தனியாகத் தார் பாலைவனத்துக்கு: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு பிப்ரவரி நடுவில் முடிந்துவிடும். ராஜஸ்தானில் ஜெய்சல்மேரைச் சுற்றியுள்ள தார் பாலைவனத்தில் வாடகைக் கார் எடுத்து ஓட்ட ஆண்டிலேயே நல்ல மாதங்களில் பிப்ரவரியும் ஒன்று. பகலில் 25 முதல் 28 டிகிரி, இரவில் 10 டிகிரிக்குப் பக்கம். இந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே "முடிந்ததும் ஜெய்சல்மேர்" என்று எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வைத்தேன். போய் வந்ததிலிருந்து கல்லூரித் தம்பி தங்கைகள் "எப்படிப் பிளான் பண்ணீங்க அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. மே மாதம் தேர்வு எழுதுகிறவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அப்போது அங்கே வெயில் 45 டிகிரியைத் தாண்டும். நவம்பர் வரை பொறுத்திருங்கள்.

படி 1: முதலில் தூங்கி எழுங்கள்

பாலைவனம் என்றதும் எல்லோரும் தண்ணீரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் தூக்கம். மாதக்கணக்கில் இரவு ஒரு மணி வரை படித்த உடம்பு, தேர்வு முடிந்த மறுநாளே சரியாகிவிடாது. போக்ரணிலிருந்து ஜெய்சல்மேர் வரை 110 கி.மீ. சாலை பெரும்பாலும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. எதிரே வண்டிகள் குறைவு, பக்கத்தில் பேச ஆள் இல்லை. கண் சொக்கிப்போக வேறென்ன வேண்டும்?

அதனால் தேர்வுக்கும் பயணத்துக்கும் நடுவில் குறைந்தது ஐந்து நாள் விடுங்கள். வீட்டுச் சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். அலாரம் வைக்காமல் படுத்து, தொடர்ந்து இரண்டு நாள் ஏறக்குறைய ஒரே நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்தால் உடம்பு தேறிவிட்டது என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில் உண்டு, ஆனால் தினமும் கிடையாது. நாளைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். ஏறக்குறைய இரண்டு நாள் பயணம் என்பதால் அதுவும் ஓய்வில்தான் சேரும்.

இன்னொன்று. விடைக்குறிப்பு வெளியாகும் நாள் பயணத்துக்குள் வருமானால், அதைப் பார்ப்பதா வேண்டாமா என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மனதில் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே வண்டி ஓட்டக் கூடாது.

படி 2: வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்

ஒரு தாளில் நாள், தங்குமிடம், அங்குள்ள தொலைபேசி எண், வண்டி எண், கிளம்பும் நேரம் எல்லாவற்றையும் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். "தினமும் இரவு 8 மணிக்குக் கூப்பிடுவேன். 9 மணி வரை அழைப்பு வராவிட்டால் தங்குமிடத்துக்குப் பேசுங்கள், அங்கேயும் தகவல் இல்லை என்றால் 112" என்று அதில் எழுதியிருந்தேன். முதலில் வேண்டவே வேண்டாம் என்ற அம்மாவின் மனம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் மாறியது. பிள்ளை யோசித்துத்தான் போகிறாள் என்று தெரிந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கும் பாதி பயம் குறைகிறது.

படி 3: பாதையை முடிவு செய்யுங்கள்

முதல்முறை போகிறவர்களுக்கு ஜோத்பூரில் தொடங்கி ஜோத்பூரிலேயே முடிக்கும் ஏழு நாள் பாதையைத்தான் சொல்வேன். வண்டியை எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முதல் நாள் ஜோத்பூர். மெஹ்ரான்கர் கோட்டையைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் போக்ரண் வழியாக ஜெய்சல்மேர், சுமார் 280 கி.மீ. காலை 7:30 மணிக்குக் கிளம்புங்கள். அதற்கு முன் வேண்டாம், நம் ஊரைவிட அங்கே விடியல் தாமதம், பிப்ரவரியில் 7 மணி தாண்டித்தான் சூரியன் வரும். மதியத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மேற்கு நோக்கி ஓட்டுகிறீர்கள், மாலையானால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். போக்ரணில் இறங்கி ஒரு டீ குடியுங்கள். 1974-லும் 1998-லும் அணுகுண்டுச் சோதனைகள் இந்த ஊருக்கு அருகில்தான் நடந்தன. 1998 சோதனையை முன்னின்று நடத்தியவர்களில் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் ஒருவர். சோதனைத் தளத்துக்குள் போக முடியாது, தேடவும் வேண்டாம்.

மூன்றாம் நாள் வண்டியைத் தொடாதீர்கள். ஜெய்சல்மேர் கோட்டை 1156-ல் கட்டப்பட்டது. இன்றும் அதற்குள் குடும்பங்கள் வாழ்கின்றன, துணி காய்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மஞ்சள் கல் சந்துகளில் நடந்தே சுற்றுங்கள். மாலையில் கடிசர் ஏரி.

நான்காம் நாள், 19-ஆம் நூற்றாண்டில் மக்கள் விட்டுப்போன குல்தரா கிராமத்தைப் பார்த்துவிட்டு குரிக்குப் போய் இரவு தங்குங்கள். எல்லோரும் சம் மணல்மேடுகளுக்குத்தான் போகிறார்கள். சம்மில் கூடாரங்கள் நெருக்கமாக இருக்கின்றன, இரவில் பாட்டுச் சத்தம் அதிகம். குரி சின்ன ஊர், அமைதியானது. கிளம்பும் முன் தினசரி காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்து, அதை ஒட்டிய நாளில் குரியில் இருக்கும்படி திட்டத்தை நகர்த்துங்கள். அத்தனை நட்சத்திரங்களை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அங்கே மல்லாந்து படுத்திருந்தபோதுதான் தேர்வு உண்மையிலேயே முடிந்துவிட்டது என்று மனதுக்கு உறைத்தது.

ஐந்தாம் நாள் ஜெய்சல்மேருக்குத் திரும்பி ஓய்வு. ஆறாம் நாள் பாகிஸ்தான் எல்லைப் பக்கமுள்ள ராம்கர், தனோட், லோங்கேவாலா சுற்று, போய்வர சுமார் 260 கி.மீ. ஏழாம் நாள் ஜோத்பூர்.

தூரத்தைக் கூட்டினால் ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 980 கி.மீ. வரும். லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 65 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 105 ரூபாய் என்று வைத்தால் 6,825 ரூபாய். 8,000 ஒதுக்கி வையுங்கள்.

படி 4: வண்டியை வாங்கும்போது

வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் எண் இருக்கும். வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எடுக்காதீர்கள், விபத்து என்றால் காப்பீடு சிக்கலாகிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. வரை இலவசம், அதற்கு மேல் எவ்வளவு, டெபாசிட் எப்போது திரும்ப வரும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுங்கள்.

அப்புறம் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் கையால் அழுத்திப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. ராம்கர் தாண்டி பஞ்சர் ஆனபோதுதான் ஸ்டெப்னியில் காற்றே இல்லை என்று தெரிந்தது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு ட்ராக்டரில் வந்த ஒரு பெரியவர் பம்பு எடுத்து வந்து காற்றடித்துக் கொடுத்தார். ஜாக்கி வைத்து டயர் மாற்றத் தெரியாது என்றால், ஊரிலேயே பக்கத்து மெக்கானிக் கடையில் நின்று இரண்டு தடவை செய்து பழகிவிட்டுப் போங்கள்.

படி 5: எடுத்துக்கொள்ள வேண்டியவை

குடிக்க நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் எப்போதும் தொடாத 10 லிட்டர் கேன் ஒன்று. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், டார்ச், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம், அசல் லைசென்ஸ். ஸ்வெட்டர் கட்டாயம், பகல் வெயிலை நம்பி ஏமாறாதீர்கள். ஜோத்பூரில் வைஃபை கிடைக்கும்போதே ஜெய்சல்மேர் மாவட்ட வரைபடத்தைப் போனில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ராம்கருக்கு அப்பால் சிக்னல் வரும், போகும்.

படி 6: சாலையில்

இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது. ஒட்டகத்தின் உடம்பு உயரத்தில் இருப்பதால் ஹெட்லைட் வெளிச்சத்தில் கடைசி நொடி வரை மெல்லிய கால்கள் மட்டும்தான் தெரியும். மோதினால் அதன் முழு எடையும் முன்கண்ணாடி மேல் வந்து விழும். மாடுகளும் நீலகாய் மான்களும் அப்படித்தான் திடீரென்று குறுக்கே வரும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கொட்டாவி தொடர்ந்து வந்தால் தாபாவில் வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். டீ குடித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், தேர்வுக்காலப் பழக்கம் அது. தாபாவில் கேர் சாங்ரி பொரியல் கிடைத்தால் கம்பு ரொட்டியுடன் சாப்பிட்டுப் பாருங்கள். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய், அந்த மரம் வேறெதுவும் இல்லை, நம் கோயில்களில் நிற்கும் வன்னி மரம்தான்.

சாலையில் மணல் படிந்திருந்தால் முன்பே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் பிரேக்கை அழுத்தாமல் நேராகக் கடந்துவிடுங்கள். தார்ச்சாலையை விட்டு மணலில் வண்டியை இறக்காதீர்கள். சிக்கிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் உள்ளே போகும். ஸ்டியரிங்கை நேராக்கி, சக்கரத்துக்கு முன்னால் உள்ள மணலைக் கையால் வாரிவிட்டு, ஃப்ளோர் மேட்டை அடியில் கொடுத்து மெதுவாக நகர்த்துங்கள். நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

படி 7: எல்லைப் பக்கம் போகும் நாள்

ஜெய்சல்மேரிலேயே டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். எல்லையில் நிலைமை எப்படி, பாதை திறந்திருக்கிறதா என்று முந்தின நாள் இரவே தங்குமிடத்தில் விசாரியுங்கள். தனோட் மாதா கோயிலைப் பார்த்துக்கொள்வது எல்லைப் பாதுகாப்புப் படை. பாகிஸ்தானுடன் நடந்த போரில் கோயிலருகே விழுந்து வெடிக்காமல் போன குண்டுகளை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து லோங்கேவாலா, 1971 டிசம்பரில் சண்டை நடந்த இடம். தனோட்டுக்கு அப்பால் எல்லைக் கம்பிவேலி வரை போக முன் அனுமதி வேண்டும். முதல் பயணத்தில் அது வேண்டாம். வீரர்களையும் முகாம்களையும் படம் எடுக்காதீர்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மாலை 5 மணிக்குள் ஜெய்சல்மேர் திரும்பிவிடுங்கள். மறுநாள் ஜோத்பூரில் வண்டியைக் கொடுக்கும்போதும் ஒரு வீடியோ எடுங்கள். ஊர் திரும்பும் ரயிலை அன்றைக்கே போடாமல், அதற்கு மறுநாளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.