பெடல் அதிர்ந்தால் காலை எடுக்காதீர்கள்

போன குற்றாலம் சீசனில், சாரலில் நனைந்து கிடந்த தென்காசி சாலையில், ஆலங்குளம் தாண்டி ஒரு ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. கார் ஓட்டியது என் தம்பி. பிரேக்கை ஓங்கி மிதித்தான். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டான். ஆடுகள் ஓடியதால் தப்பித்தோம்.

அந்த அதிர்வுதான் ஏபிஎஸ், அதாவது ஓங்கி பிரேக் மிதிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு, வேலை செய்வதன் அடையாளம். சக்கரம் ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்கப் போகிறது என்றால், அதற்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை மட்டும் சட்டென்று குறைத்து, மறுபடியும் ஏற்றும். ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். அந்தத் தட்டலைத்தான் கால் உணர்கிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: வண்டி நிற்கும்வரை அழுத்தம் குறையாமல் மிதித்தே இருக்க வேண்டும்.

விட்டு விட்டு மிதிப்பதும் தவறு. ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டிகளில் ஓட்டிப் பழகியவர்கள் சொல்லிக்கொடுத்த முறை அது. அந்த வண்டிகளுக்குச் சரி. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கும் புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முந்தைய கார் என்றால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் பிரேக்கை மிதித்துவிட்டு ஸ்டியரிங்கை மறந்துவிடுகிறார்கள். பூட்டிய சக்கரம் திருப்பினாலும் நேராகத்தான் வழுக்கும். உருளும் சக்கரம்தான் திரும்பும். மிதித்தபடியே ஆட்டை விட்டு விலக வழி தருவதுதான் ஏபிஎஸ்ஸின் பெரிய உதவி.

ஆனால் ஏபிஎஸ் இருந்தால் எங்கும் சீக்கிரம் நிற்கும் என்று நம்பாதீர்கள். பிசான நெல் அறுவடை சமயத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் சாலையில் வைக்கோல் பரப்பியிருந்தாலோ, ஜல்லி கொட்டியிருந்தாலோ, வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கலாம். தூரத்தில் பார்க்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மொட்டை டயருக்கும் ஏபிஎஸ் பிடிமானம் தராது.

சாவி போட்டதும் எரியும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஏபிஎஸ் வராது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

மழை நாளில், முன்னும் பின்னும் யாருமில்லாத அகலமான இடத்தில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை முழுதாக மிதித்துப் பாருங்கள். அந்த அதிர்வு காலுக்குப் பழகிவிடும்.